1,000 கஜத்தில் இலக்குக் கேமராவின் படம் உறைந்துபோகிறது: வழி கூறுங்கள்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நியூ மெக்சிகோவின் ராட்டன் நகருக்கு அருகிலுள்ள விட்டிங்டன் துப்பாக்கிச் சுடும் மையத்தில், .308 ரைஃபிளால் 1,000 கஜம், அதாவது சுமார் 914 மீட்டர் தொலைவில் காகித இலக்கைச் சுட்டுப் பழகி வருகிறேன். எட்டு மில்லிமீட்டர்கூட இல்லாத துளையை 80 மில்லிமீட்டர் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (இலக்கைப் பார்க்கும் தொலைநோக்கியில்) தேடுவது விடியற்காலையிலேயே கடினம்; வெயில் ஏறிக் கானல் அலையத் தொடங்கிவிட்டால், கறுப்பு வட்டமே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிகிறது.

ஆகவே வைஃபை வழியாகப் படம் அனுப்பும் இலக்குக் கேமரா ஒன்றை வாங்கி, இலக்குக்குப் பக்கவாட்டில், மண்மேட்டின் மறைவில், ஓரடி உயர முக்காலியில் வைத்திருக்கிறேன். 600 கஜம் வரை அது அருமையாக வேலை செய்கிறது; காற்றை நான் எவ்வளவு தவறாகக் கணித்தேன் என்பது அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்கு முன்பே கைப்பேசித் திரையில் தெரிந்துவிடுகிறது. 1,000 கஜத்திலோ இரண்டு மூன்று சூடுகளுக்குள் படம் உறைந்துவிடுகிறது.

கேமராவின் வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இத்தூரத்தின் நடுவழியில் ஐந்து மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான ஆரத்துக்குத் தடையற்ற வெளி தேவைப்படும் என்பதால், ஆண்டெனா தரையோடு தாழ்ந்திருப்பதே காரணம் என்று கருதுகிறேன். கேமராவை மறைவிலேயே விட்டு ஆண்டெனாவை மட்டும் கம்பத்தில் உயர்த்தினால் போதுமா? சுடும் இடத்தில் திசை ஆண்டெனா (ஒரே திசையை நோக்கிக் குவியும் வகை) பொருத்த வேண்டுமா? அல்லது 900 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு மாறுவதுதான் நல்லதா? இவற்றைக் களத்தில் செய்து பார்த்தவர்கள், கம்பத்தின் உயரத்தையும் ஆண்டெனாவின் வகையையும் குறிப்பிட்டுப் பதிலளித்தால் பேருதவியாக இருக்கும்.