புதுப்பிப்பு: அந்திமந்தாரையின் அடுத்த தலைமுறை

சிவப்பு அந்திமந்தாரையையும் வெள்ளையையும் கலந்ததில் எல்லாச் செடிகளும் இளஞ்சிவப்பாகப் பூத்தன என்று முன்பு எழுதியிருந்தேன். நிறங்கள் பெயின்ட் போலக் கலந்துவிட்டன, இனிப் பிரியாது என்று சிலர் பதில் சொன்னார்கள்.

அவற்றின் தற்சேர்க்கை விதைகள் (தம் மகரந்தத்தாலேயே கருவுற்று உண்டானவை) இப்போது பூத்துவிட்டன. சிவப்பும் வெள்ளையும் மங்காமல் அப்படியே திரும்பி வந்திருக்கின்றன. ஏறத்தாழப் பாதி இளஞ்சிவப்பு! மரபணு கரைவதில்லை. ஒவ்வொரு மகரந்தத் துகளுக்கும் சூலுக்கும் சிவப்புக்கானது, வெள்ளைக்கானது இரண்டில் ஒன்றுதான் போகிறது. ஆகவே எதிர்பார்க்க வேண்டிய சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை விகிதம் 1:2:1.

மரபியலின் முன்னோடியான மெண்டலின் பட்டாணியில், இதே தலைமுறையில், ஊதா முழுமையாக ஓங்கி வெள்ளையை மறைத்ததால் 705 ஊதா, 224 வெள்ளை, அதாவது சுமார் 3:1 கிடைத்தது. இங்கே ஓங்குத்தன்மை முழுமையற்றது; சிவப்பு வெள்ளையை முழுதாக மறைப்பதில்லை. பூவைப் பார்த்தே மரபணு அமைப்பைச் சொல்லிவிடலாம்.

இளஞ்சிவப்பை மட்டும் தரும் விதை கேட்டவர்களுக்கு: தற்சேர்க்கையில் அது கிடைக்காது. சிவப்பையும் வெள்ளையையும் மறுபடி கலக்க வேண்டும், அல்லது இளஞ்சிவப்புச் செடியின் கிழங்கை எடுத்து நட வேண்டும்.