ஆய்வேட்டுக்கு லேடெக்கில் சொந்த டெம்ப்ளேட்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

என் ஆய்வு தாமிரபரணிப் பாசனக் குளங்களைப் பற்றியது. உரை தமிழ், நடுநடுவே ஆங்கில மேற்கோள், வரைபடம், பக்கம் பக்கமாகக் குளங்களின் அட்டவணை. எங்கள் பக்கம் தமிழ் ஆய்வேடு என்றால் இன்னும் பலர் கையால் எழுதி, திருநெல்வேலி ஜங்ஷனிலோ பாளையங்கோட்டையிலோ தட்டச்சு செய்து தரும் டிடிபி கடையில் கொடுத்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு படம் சேர்ந்தால் பொருளடக்கத்தின் பக்க எண்களை உட்கார்ந்து திருத்த வேண்டும். அதற்குப் பயந்துதான் லேடெக்குக்கு வந்தேன். உரையோடு கட்டளைகளையும் எழுதிக் கொடுத்தால் பக்கங்களைத் தானே அமைத்துத் தரும் மென்பொருள் அது.

இணையத்தில் ரெடிமேட் டெம்ப்ளேட்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஓரத்தை மாற்றப் போனால் தலைப்பு நகரும். ஏன் நகர்ந்தது என்று அடுத்தவர் எழுதிய கோப்பில் தேடிக்கொண்டிருக்க வேண்டும். நமக்கு வேண்டியதோ பல்கலைக்கழகம் கொடுத்த விதித்தாள் மட்டும்: ஏ4, இடப்பக்கம் ஒன்றரை இஞ்ச், ஒன்றரை வரி இடைவெளி, முன்பக்கங்களுக்கு ரோமன் எண். இவ்வளவுக்கு நாமே எழுதிக்கொள்வதுதான் நல்லது என்பது என் கட்சி.

லேடெக்கோடு வரும் ரிப்போர்ட் கிளாஸை (ஆவணத்தின் அடிப்படை அமைப்பைத் தரும் கோப்பு) ஏற்றி, அதன்மேல் நம் விதிகளை மட்டும் வைத்தால் போதும். புக் கிளாஸ் வேண்டாம். அது தாளின் இருபுறமும் அச்சடிப்பதாக எண்ணி ஓரங்களை மாற்றி மாற்றி வைக்கும். நாம் ஒருபுறம்தானே அடிக்கிறோம். கூடுதல் வசதி தரும் பேக்கேஜ்களில் ஓரத்துக்கு ஜியாமெட்ரி, எழுத்துருவுக்கு ஃபான்ட்ஸ்பெக். 'சாப்டர்' என்று வருவதை 'இயல்' ஆக்க ஒரே வரி. தமிழுக்கு, யூனிகோட் எழுத்துருக்களை நேரடியாக எடுத்துக்கொள்ளும் லேடெக் வகையான ஸீலேடெக்கில் ஓட்டுங்கள். எழுத்துருவைக் கூப்பிடும் இடத்திலேயே ஸ்கிரிப்ட் தமிழ் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளலாம். அதே போன்ற இன்னொரு வகையான லுவாலேடெக் என்றால், எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் ரெண்டரரையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அதிகம் அலைய வைத்தது வரி இடைவெளிதான். செட்ஸ்பேஸ் பேக்கேஜில் ஒன்றரை கேட்டால், 12 பாயிண்ட் எழுத்துக்கு வரிக்கு வரி 18 பாயிண்ட் வரும். எழுத்தளவைப்போல ஒன்றரை மடங்கு, கணக்கு சரிதான். வேர்டு அப்படிப் பார்ப்பதில்லை. எழுத்துருவுக்கென்று உள்ள வரி உயரத்தை எடுத்து அதை ஒன்றரை மடங்காக்கும். டைம்ஸ் நியூ ரோமனில் 12 பாயிண்டுக்கு அது ஏறக்குறைய 20.7. சரிபார்ப்பவர் வேர்டையே பார்த்துப் பழகிய ஆள், "இது ஒன்றரை இல்லையே தம்பி" என்று திருப்பிவிட்டார். அவரிடம் செட்ஸ்பேஸ் வியாக்கியானம் எல்லாம் எடுபடுமா? வரி இடைவெளியைப் பெருக்கும் லைன்ஸ்பிரெட் கட்டளையில் 1.43 வைத்தேன். லேடெக்கின் இயல்பான 14.5 பாயிண்டை அதனால் பெருக்கினால் 20.7 வந்துவிடும். அப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா சொல்லக்கூடாது, மேலே விசிறியும் கீழே சுழியுமாக நீளும் தமிழுக்கு அந்தத் தாராளம் நன்றாகவே இருக்கிறது.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏற்ற இயல்வாரியாகத் தனித்தனிப் பிடிஎஃப் வேண்டும். ஒவ்வொரு இயலையும் தனிக் கோப்பாக வைத்து இன்க்ளூட் கட்டளையால் சேருங்கள். முழுவதையும் ஓட்டி முடித்தபின், இன்க்ளூட்ஒன்லி கட்டளையில் ஓர் இயலின் பெயரை மட்டும் கொடுத்தால் அது மட்டும் வரும். 87-ஆம் பக்கத்தில் தொடங்கிய இயல் தனியாக வரும்போதும் 87-லேயே தொடங்கும்.

பேட்டையிலிருந்து ஒரு பதில்:

ஓரம் பற்றி ஒரு சேதி. எங்கள் பைண்டிங் கடை அண்ணாச்சி தாள்கட்டைக் கையில் தூக்கிப் பார்த்ததுமே சொன்னார்: "தடி புஸ்தகமால்லா இருக்கு தம்பி! இன்னும் கால் இஞ்ச் விட்டுட்டு வாங்க. தச்ச பொறவு எழுத்து உள்ள போயிரும்." ஜியாமெட்ரியில் பைண்டிங்ஆஃப்செட் என்று ஒன்று இருக்கிறது. அதில் கால் இஞ்ச் கொடுத்தேன். இடப்பக்கம் அவ்வளவு கூடியது, வரிகள் தானாக மறுபடி மடிந்தன, பொருளடக்கமும் திருந்திக்கொண்டது. குளத்து அட்டவணை அகலமாக இருந்தால் எழுத்தைச் சுருக்காதீர்கள் அண்ணே, பக்கத்தைப் படுக்கைவாட்டில் திருப்பும் பிடிஎஃப்எல்ஸ்கேப் பேக்கேஜில் போடுங்கள். அட்டவணையின் தலை தையல் பக்கமாக விழும், புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தால் படிக்கலாம். நாலைந்து பக்கத்துக்கு ஓடும் என்றால் உள்ளே, அட்டவணையைப் பக்கம் தாண்டி ஓடவிடும் லாங்டேபிள்.

தென்காசியிலிருந்து இன்னொரு பதில்:

தம்பி, துணைநூற்பட்டியலை விட்டுவிட்டீர்களே. எனக்கு அங்கேதான் தலைவலி. துணைநூற்பட்டியலை அமைக்கும் பிப்லேடெக் பேக்கேஜ், ஆசிரியர் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். நம் பெயரில் குடும்பப் பெயர் ஏது? முன்னால் இருக்கும் தலைப்பெழுத்து அப்பா பெயர். கடைசியில் நிற்பது அவரவர் சொந்தப் பெயர். ஸ்டைலைப் பொறுத்துத் தலைப்பெழுத்து முன்னே போகிறது, பின்னே வருகிறது. நூல் விவரக் கோப்பில் ஆசிரியர் பெயருக்கான ஆத்தர் புலத்தில் தமிழ்ப் பெயர் ஒவ்வொன்றையும் இன்னொரு நெளிவு அடைப்புக்குள் போட்டுவிட்டேன். எழுதியது எழுதியபடி நிற்கிறது. வெள்ளைக்காரர் பெயர்களுக்கு இது வேண்டாம், அவற்றை அது சரியாகவே பிரித்துக்கொள்ளும்.