பல் ஈற்றில் இரத்தம் வருகிறது: வாட்டர் ஃப்ளாஸர் உதவுமா?

நொய்யல்கரை:
வணக்கம். எனக்கு வயது 51. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். கீழ்த்தாடையின் வலப்பக்கத்தில் மூன்று பல் பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களோடு இணைத்துக் கட்டும் செயற்கைப் பல்) ஒன்று கட்டியிருக்கிறது. சில மாதங்களாகக் காலையில் பல் துலக்கித் துப்பும்போது நுரை இளஞ்சிவப்பாக வருகிறது. வலி ஏதும் இல்லை; ஆனால் பிரிட்ஜுக்கு அடியில் கீரையோ முருங்கைக்காய் நாரோ சிக்கிக்கொண்டால் மாலைக்குள் அந்த இடம் நாற்றமெடுத்துவிடுகிறது. பற்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் ஃப்ளாஸ் நூலை மேலிருந்து இறக்கவும் வழியில்லை. மகள் வாட்டர் ஃப்ளாஸர், அதாவது பல் இடுக்கில் நீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் கருவி, வாங்கித் தருவதாகச் சொல்கிறாள். ஏற்கெனவே இரத்தம் வரும் ஈற்றில் நீரைப் பீய்ச்சினால் நிலைமை மோசமாகாதா? படிந்துபோன காரையை இது எடுத்துவிடுமா? எங்கள் வீட்டில் வருவது போர்த் தண்ணீர், அதையே ஊற்றலாமா? பயன்படுத்தியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கடைவாய்:
நான் பல் மருத்துவராகப் பணிபுரிகிறேன். வாயைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

முதலில் காரையைப் பற்றி. பல்லின் மீது அன்றாடம் படிவது கிருமிகள் பின்னிய வழுவழுப்பான படலம். அது மென்மையாக இருக்கும்வரை பிரஷ்ஷும் ஓரளவுக்கு நீரும் அதைக் கலைத்துவிடும். எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் ஏறிக் கெட்டியாகிவிட்டால் அதுதான் காரை. அதை எந்த நீர்ப் பீய்ச்சலும் பெயர்க்காது, பல் மருத்துவர் கருவியால் ஸ்கேலிங் (சுரண்டிச் சுத்தம்) செய்துதான் எடுக்க வேண்டும். ஆகவே கருவி வாங்குவதற்கு முன் ஒரு முறை பல் மருத்துவரிடம் சென்று, மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பியால் ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். 1 முதல் 3 மி.மீ. வரை இருந்தால் கவலையில்லை, 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து இரத்தமும் வந்தால், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை ஏறினால் ஈற்று நோய் முற்றுகிறது, ஈற்று நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகிறது. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுத்துக்கொள்கிறீர்களா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அந்த மாத்திரையால் சிலருக்கு ஈறு தடித்து வளர்வதுண்டு.

இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. வீங்கிய ஈறு சுத்தமின்மையால் கசிகிறது. மிகக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கினால் நீரால் தீங்கில்லை. அழற்சி மட்டும் என்றால் ஓரிரு வாரங்களில் கசிவு குறைய வேண்டும். குறையாவிட்டால் அல்லது சீழ் வந்தால் நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள். இதய வால்வு மாற்றியவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

வேம்படி:
இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். முதல் நாள் நிமிர்ந்து நின்று, வாயைத் திறந்து, பொத்தானை அழுத்திவிட்டேன். கண்ணாடி, சட்டை, சுவர்க் கடிகாரம் வரை நனைந்தன. வாஷ்பேசின் மேல் நன்றாகக் குனிந்து, நுனியை வாய்க்குள் வைத்த பிறகே இயக்க வேண்டும். நீர் தானாக வழியும் அளவுக்கு உதடுகளை இலேசாக மூடிக்கொண்டால் போதும். கடைசிப் பல்லில் தொடங்கி ஈற்றோரமாகவே நகர்ந்து, ஒவ்வோர் இடுக்கிலும் ஓரிரு நொடி நின்று செல்லுங்கள். நீர் ஒரே தாரையாக வராமல் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட துடிப்புகளாக வருவதால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே அழுக்கு வெளியே வர வாய்ப்புக் கிடைக்கிறது. பிரிட்ஜுக்கு அடியில் கன்னப் பக்கம், நாக்குப் பக்கம் இரண்டிலிருந்தும் பீய்ச்ச வேண்டும். எனக்கு இரவுச் சாப்பாட்டின் கறிவேப்பிலைத் துணுக்கு நாக்குப் பக்கத்திலிருந்துதான் வரும்.

போர்த் தண்ணீர் வேண்டாம். என் முதல் கருவியின் முனையில் வெள்ளையாக உப்புக் கட்டி, ஓராண்டுக்குள் வேகம் செத்துப்போயிற்று. இப்போது குடிநீரை வெதுவெதுப்பாக்கி ஊற்றுகிறேன், பற்கூச்சமும் இல்லை. முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துக் காயவைத்துவிடுவேன். இல்லாவிட்டால் உள்ளே பாசி பிடிக்கும்.

மூன்றாம்பிறை:
எல்லோரும் கருவியைப் புகழ்வதால் ஒரு மாற்றுக் கருத்து. 1962இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பல் மருத்துவரும் ஒரு பொறியாளரும் சேர்ந்து உருவாக்கிய பொருள் இது. புதிய அதிசயம் அல்ல. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் முறைகளைப் பற்றிய 35 ஆய்வுகளை 2019இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு திரட்டிப் பார்த்தபோது, இடுக்குப் பிரஷ்ஷுக்கும் நூலுக்கும் ஓரளவு ஆதரவு கிடைத்தது. நீர்ப் பீய்ச்சும் கருவிகளுக்கான சான்றுகள் குறைவாகவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமலும் இருந்தன. இடுக்குப் பிரஷ் மருந்துக் கடையிலேயே மலிவாகக் கிடைக்கிறதே?

கடைவாய்:
அவர் சொல்வது சரிதான். பிரஷ் நுழையும் இடுக்கில் நானும் பிரஷ்ஷையே பரிந்துரைப்பேன், ஏனெனில் உரசித் தேய்க்கும் வேலையை நீர் முழுமையாகச் செய்வதில்லை. பிரிட்ஜுக்கு அடியிலும், கிளிப் போட்ட பற்களிலும், விரல் நடுக்கத்தால் நூலைப் பிடிக்க முடியாதவர்களிடமும்தான் இந்தக் கருவிக்கு உண்மையான பயன் இருக்கிறது. கேள்வி கேட்டவருக்கு இன்னொரு வழியும் உண்டு: ஒரு முனை விறைப்பாகவும் நடுப்பகுதி பஞ்சு போலவும் உள்ள சூப்பர் ஃப்ளாஸ் நூலை, ஊசியில் நூல் கோப்பதுபோலப் பிரிட்ஜின் பக்கவாட்டிலிருந்து நுழைத்து இழுக்கலாம்.

நொய்யல்கரை:
அனைவருக்கும் நன்றி. அம்லோடிபின் எடுத்துக்கொள்கிறேன் என்பது எழுதும்போது தோன்றவே இல்லை. வியாழக்கிழமை ஸ்கேலிங்குக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். ஆழத்தை அளந்து பார்த்த பிறகு கருவியைப் பற்றி முடிவெடுக்கலாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அதுவரை சூப்பர் ஃப்ளாஸ்.