பஞ்ச் வைத்து யானை: இதயத்தின் நுனி கிழிகிறது, தலையும் உடலும் ஒன்றாகத் தெரிகின்றன. உதவி தேவை

கேள்வி:
வணக்கம். வாழ்த்து அட்டைகளில் ஒட்டுவதற்குப் பஞ்ச் (அழுத்தினால் தாளை வட்டம், இதயம் போன்ற வடிவத்தில் வெட்டித் தரும் கருவி) வடிவங்களில் மிருகங்கள் செய்கிறேன். கோழிக்குஞ்சு, பூனை எல்லாம் நன்றாக வந்தன. யானையில்தான் சிக்கல். உடலுக்கு 2 அங்குல வட்டம், தலைக்கு 1½ அங்குல வட்டம், காதுகளுக்கு இதய வடிவம். இதயத்தின் கூர் நுனி மட்டும் பிசிறு பிசிறாகக் கிழிகிறது. சில சமயம் தாள் உள்ளேயே மாட்டிக்கொண்டு பஞ்ச் மேலே எழும்புவதே இல்லை. எல்லாம் ஒரே சாம்பல் அட்டை என்பதால் தலை எங்கே முடிகிறது என்றும் தெரியவில்லை. தும்பிக்கையைக் கத்தரியால் வெட்டுகிறேன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

பதில் 1:
அட்டை எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்)?

கேட்டவர்:
300.

பதில் 1:
அதுதான் காரணம். வட்டத்துக்கு மூலையே கிடையாது, எப்படியோ வெட்டிவிடும். இதயத்தின் நுனியில் இரண்டு வெட்டு விளிம்புகள் வந்து சேர்கின்றன. தடித்த அட்டை அங்கேதான் நசுங்கிக் கிழியும். 180 அல்லது 200 ஜிஎஸ்எம்முக்கு மாறுங்கள். மினுமினுப்புத் தாள், நார் தெரியும் கையால் செய்த தாள் இரண்டையும் நுணுக்கமான பஞ்சில் போடாதீர்கள்.

மாட்டிக்கொண்டால் கத்தியை விட்டு நெம்ப வேண்டாம், வெட்டு விளிம்பு போய்விடும். கவிழ்த்து வைத்து, அடியில் தெரியும் பகுதியை எதிர்ப்பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். அப்புறம் மெழுகு பூசிய தாளில் நாலைந்து முறை அழுத்தினால் உள்ளே வழுவழுப்பாகும். முனை மழுங்கியிருந்தால் அலுமினியம் ஃபாயிலை மடித்து அதில் அழுத்திப் பாருங்கள்.

பதில் 2:
ஃபாயிலில் சரியாகவில்லை என்றால் மட்டும் நைஸ் உப்புத்தாள். எடுத்தவுடனே அதற்குப் போக வேண்டாம்.

தும்பிக்கைக்குக் கத்தரியே தேவையில்லை. முதலில் 1 அங்குல வட்டத்தைத் துளையுங்கள். பிறகு 1½ அங்குல பஞ்சைத் தலைகீழாகப் பிடித்து, அந்த ஓட்டை நடுவில் வரும்படி தாளை நகர்த்தி அழுத்துங்கள். சுற்றிலும் கால் அங்குல அகலமுள்ள வளையம் கிடைக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கை நறுக்கினால் அழகாக வளைந்த தும்பிக்கை. எத்தனை யானை செய்தாலும் அதே வளைவு, அதே அகலம். சின்ன வட்டம்தான் முதலில். பெரியதை முதலில் வெட்டிவிட்டால் துளைக்கும்போது பிடித்துக்கொள்ள விளிம்பு இருக்காது. மிச்ச வளையத்தை ஒல்லியாகச் சீவினால் வாலும் ஆயிற்று.

பதில் 3:
நிறப் பிரச்சினைக்கு வேறு அட்டை வாங்க வேண்டாம். ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் அடர் சாம்பல் கலர் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், விரலால் உள்பக்கமாக இழுத்துவிடுங்கள். அந்த மெல்லிய நிழலே தலையைப் பிரித்துக் காட்டும். தலைக்கு அடியில் மட்டும் ஃபோம் டேப் (இருபுறமும் ஒட்டும் தடித்த, மெத்தென்ற டேப்), மற்றதெல்லாம் தட்டையாக. வெள்ளைப் பசை நிறைய வைத்தால் தாள் சுருளும், குச்சிப் பசை போதும்.

இதயத்தை நடுவில் நீளவாக்கில் வெட்டி, உருண்டை பாகம் மேலேயும் நுனி கீழேயும் இருக்கும்படி தலைக்குப் பின்னால் இருபுறமும் ஒட்டுங்கள். கண்களை ட்வீசரால் வைத்துப் பார்த்த பிறகே ஒட்டவும். முகத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, விலக்கி வைத்தால் குட்டி யானை. மேலே, நெருக்கி வைத்தால் பெரிய யானை. முகத்தின் உயிரே அங்கேதான், நிதானமாகச் செய்யுங்கள்.

கேட்டவர்:
200 ஜிஎஸ்எம்மில் நுனி சுத்தமாக வெட்டுகிறது. வளையத் தும்பிக்கை பிரமாதம்! ஒரே ஒரு சந்தேகம்: தலையை ஃபோம் டேப்பில் உயர்த்தியதால் தும்பிக்கையின் அடிப்பாதி அந்தரத்தில் நிற்கிறது. உறைக்குள் வைத்தால் மடங்கிவிடாதா?

பதில் 2:
மடங்கும். அதே டேப்பில் ஒரு பொடித் துண்டை நறுக்கித் தும்பிக்கை நுனிக்கு அடியில் வையுங்கள். தடிமன் ஒன்றாக இருப்பதால் சமமாக உட்காரும், முன்னாலிருந்து பார்த்தால் டேப் தெரியாது.

கேட்டவர்:
சரி, உட்கார்ந்துவிட்டது. எல்லோருக்கும் மிக்க நன்றி. அடுத்து வளையத்தை வைத்து அணிலின் வால் முயற்சி செய்யப் போகிறேன்.