நீர்த்தேக்கப் படங்கள் எல்லாம் மங்கல், உதவி தேவை

ஓய்வுநிருபர்:
வணக்கம். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இயற்கைக் காட்சிகளைப் படம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறேன். சிங்கப்பூரின் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் விடியற்காலை எடுப்பதெல்லாம் மங்கலாக வருகிறது. லென்ஸ் புதியது. கடையில் காட்டினால் குறையே இல்லை என்கிறார்கள். சனிக்கிழமை மறுபடி போகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

ஈசூன்வாசி:
என்ன கேமரா? எத்தனை விநாடி எக்ஸ்போஷர்? முக்காலி உண்டா? ஒரு படமாவது போடுங்கள் ஐயா.

ஒளிவட்டம்:
யார், எங்கே, எப்போது, எப்படி என்று ஊரையே கேட்டவர் தன் விஷயத்தில் 'மங்கல்' என்பதோடு நிறுத்திவிட்டார். இதெல்லாம் இங்கே பலமுறை பேசியாகிவிட்டது, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. லென்ஸ் துளையை எஃப்/22 என்று வைத்திருப்பார், வேறென்ன. துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி வளைந்து பரவும், படம் முழுக்கக் கூர்மை போய்விடும். எஃப்/8, மிஞ்சினால் 11.

கோப்பி_ஓ:
எனக்கு ஏசி மேல்தான் சந்தேகம். ராத்திரி முழுக்க குளிர் அறையில் கிடந்த கேமராவை நம்ம ஊர் ஈரக்காற்றில் திறந்தால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். துடைத்தாலும் மறுபடி வரும்.

ஓய்வுநிருபர்:
முக்காலி உண்டு. ஒளியைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர் போட்டு 30 விநாடி. எஃப்/22தான். கேமரா படுக்கையறையில் இருக்கும், ஏசி உண்டு. மரநடைபாதையில் நின்று எடுக்கிறேன். படம் இணைத்திருக்கிறேன், எடிட் எதுவும் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன்.

ஈசூன்வாசி:
அட, இதைத்தானே முதலில் கேட்டேன்! படத்தை முழு அளவில் பெரிதாக்கி எதிர்க்கரை விளக்குகளைப் பாருங்கள். விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி வட்டம் இருந்தால் ஈரம். புள்ளி கோடாக இழுபட்டிருந்தால் அசைவு. உங்கள் படத்தில் இரண்டும் இருக்கிறது. காலையில் ஓடுகிறவர்கள் தாண்டும்போது பலகை அதிரும், 30 விநாடிக்குள் யாராவது தாண்டாமலா இருப்பார்கள்? முக்காலியை மண்தரையில் வையுங்கள். லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள், முக்காலியில் அதுவே சில சமயம் படத்தை ஆட்டும். அப்புறம், ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிய பிறகு ஃபில்டரை மாட்டுங்கள்.

முக்காலிமணி:
இவ்வளவு பாடு எதற்கு? இப்போது மென்பொருளே கூர்மையாக்கிவிடும். மூலையில் தெரிகிற கிரேனையும் அழித்துவிடலாம்.

கோப்பி_ஓ:
கிரேனை அழித்தால் அது சிங்கப்பூரே இல்லை லா.

ஓய்வுநிருபர்:
இருந்ததை இல்லை என்று காட்டுவது என்னால் ஆகாது. கிரேன் இருக்கட்டும்.

முக்காலிமணி:
ஐயா, இது செய்திப்படம் இல்லையே. சுவரில் மாட்டப்போகிற படம். தண்ணீரைப் பால்போல் வழவழப்பாக்க 30 விநாடி திறந்து வைக்கிறீர்களே, அது மட்டும் கண்ணால் பார்த்ததா?

ஒளிவட்டம்:
ஒளியைச் சேர்ப்பது வேறு, பொருளை நீக்குவது வேறு. அடிப்படை தெரியாமல் விவாதம்.

முக்காலிமணி:
அடிப்படை உங்கள் வீட்டுச் சொத்தா? ஃபில்டர் மாட்டியதுமே உள்ளதை மாற்றியாயிற்று. நான் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

கோப்பி_ஓ:
சண்டை இருக்கட்டும். ஐயா, கேமராவை ஜிப் பையில் போட்டு மூடியே கொண்டுபோங்கள், அரைமணி கழித்து வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறங்கள். லென்ஸை ராத்திரி ஈரம் சேராத டிரை கேபினெட் பெட்டியில் வைத்தால் பூஞ்சையும் பிடிக்காது.

ஓய்வுநிருபர்:
போய்வந்தேன். ஹாலில் வைத்து எடுத்துப் போனேன், முதல் படத்திலிருந்தே புகை இல்லை. எஃப்/11. கோடு மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நன்றி.

ஈசூன்வாசி:
முக்காலியை எங்கே வைத்தீர்கள், பலகையிலா தரையிலா?

ஈசூன்வாசி:
ஐயா?