ஃப்ளூகல்ஹார்னில் அந்த மென்மையான நாதம் வரவில்லை: குறை கருவியிலா, என்னிடமா?

கேட்டவர்:
வணக்கம். எட்டு ஆண்டுகளாக ட்ரம்பெட் வாசிக்கிறேன். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1957-இல் இசை ஒழுங்கமைப்பாளர் கில் எவன்ஸுடன் செய்த ‘மைல்ஸ் அஹெட்’ இசைத்தட்டில் அவர் தனிவாசிப்பு முழுவதையும் ட்ரம்பெட்டின் உறவுக் கருவியான ஃப்ளூகல்ஹார்னிலேயே வாசித்திருப்பதைக் கேட்ட நாள் முதல் அந்தக் கருவியின் மேல் தீராத ஆசை. எங்கள் ஜாஸ் குழுவின் மெதுநடைப் பாடல்களுக்காகச் சென்ற மாதம் பழைய கருவி ஒன்றை வாங்கினேன். ஆனால் நான் ஊதினால் தொண்டை கட்டிய ட்ரம்பெட் போலத்தான் ஒலிக்கிறது. மவுத்பைப்பை (வாய்ப்பக்கக் குழாயை) முழுவதும் உள்ளே தள்ளினாலும் சுருதி தாழ்ந்தே நிற்கிறது. இசைக் குறிப்பின் ஐந்து கோடுகளின் மேல் நிற்கும் ஜி-யைத் தாண்டினால் ஸ்வரம் வழுக்கி ஓடுகிறது. வால்வுகளில் காற்றுக் கசிவு இல்லை என்று பழுது பார்ப்பவர் உறுதியாகச் சொல்கிறார். வேறு என்ன பார்ப்பது?

பதில் 1:
எந்த மவுத்பீஸ் (உதட்டை வைத்து ஊதும், கழற்றக்கூடிய முனை) போட்டிருக்கிறீர்கள்? அதைச் சொல்லாமல் கருவியைக் குறை சொல்ல முடியாது.

ட்ரம்பெட், ஃப்ளூகல்ஹார்ன் இரண்டும் பி ஃப்ளாட் சுருதி, குழாயின் நீளமும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு வடிவத்தில் இருக்கிறது. ட்ரம்பெட் குழாயின் பெரும்பகுதி ஒரே அகலம். ஃப்ளூகல்ஹார்னிலோ வால்வுகளை ஒட்டிய பகுதி போக, மற்றதெல்லாம் சிறுகச் சிறுக விரிந்துகொண்டே போகும் கூம்பு. கூர்மையான மேல்தொனிகள் அதில் அடங்கி, நாதம் உருண்டு வருகிறது. நடுவில் இழுப்புக் குழாய் வைத்தால் கூம்பு உடைந்துவிடும் என்பதால்தான் சுருதி சேர்க்க மவுத்பைப்பையே நகர்த்துகிறோம். ஆழம் குறைந்த மவுத்பீஸைப் பொருத்தினால் இத்தனை ஏற்பாடும் தொடக்கத்திலேயே கெட்டுவிடும்.

கேட்டவர்:
ஃப்ளூகல்ஹார்னுக்குரியது என்று சொல்லித்தான் விற்றார்கள். மேல் ஸ்வரங்கள் எளிதாக வரட்டும் என்று உதடு படும் உட்குழிவான கிண்ணம் ஆழமில்லாததாகப் பார்த்து வாங்கினேன். ஒன்று கவனித்தேன்: அது கொஞ்சமே உள்ளே போகிறது, லேசாக ஆடவும் செய்கிறது.

பதில் 2:
அந்த ஆட்டத்தில்தான் விடை இருக்கிறது! ட்ரம்பெட் வாசிப்பவர்களுக்கு இது தெரியாமல் போவது இயல்பு, ஏனென்றால் ட்ரம்பெட் மவுத்பீஸ்களில் கருவிக்குள் நுழையும் தண்டு பெரும்பாலும் ஒரே அளவு. ஃப்ளூகல்ஹார்னில் மூன்று வகைத் தண்டுகள் புழங்குகின்றன: சிறிய மோர்ஸ், பெரிய மோர்ஸ், பிரெஞ்சு. மோர்ஸ் வகைகள் முனை நோக்கிக் குறுகும். பிரெஞ்சுத் தண்டு குறுகாமல் நேராக இருக்கும். குறுகும் தண்டை நேரான துளையில் செருகினால் நீங்கள் சொன்னபடியேதான் நடக்கும்: பாதியில் நிற்கும், ஆடும், குழாய் நீண்டுவிடுவதால் சுருதி தாழும், ஸ்தாயிக்கு ஸ்தாயி இடைவெளிகளும் பிசகும். அழுத்தித் திருகிச் செருகாதீர்கள். மவுத்பைப் கிழிந்தால் செலவு அதிகம். கருவியைக் கையோடு எடுத்துப் போய், மூன்று வகைகளையும் பொருத்திப் பாருங்கள். ஆடாமல் உட்காருவதே உங்களுக்குரியது. கிண்ணம் புனல் போல ஆழமாக இருக்கட்டும். உதடு பழகிய விளிம்பு அளவை மட்டும் உங்கள் ட்ரம்பெட்டை ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

பதில் 3:
மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் மவுத்பீஸை மாற்றிவிட்டு ட்ரம்பெட் போலவே முட்டி ஊதினால் பயன் இருக்காது. ட்ரம்பெட்டில் ஸ்வரங்கள் தத்தம் குழியில் வந்து விழும். இதில் குழி ஆழமில்லை, ஸ்வரத்தை முதலில் காதால் பிடித்துவிட்டுத்தான் ஊத வேண்டும். மெல்லிய நீள்ஸ்வரங்களை ட்யூனரோடு நாள்தோறும் பழகுங்கள். குழுவின் சத்தத்தோடு போட்டி போடாதீர்கள், மைக்கை நம்புங்கள்.

ஆர்ட் ஃபார்மரைக் கேளுங்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் ட்ரம்பெட்டைவிட இதையே பெரிதும் நாடினார். 1963-இல் கிதார் கலைஞர் ஜிம் ஹாலுடன் செய்த ‘இன்டராக்‌ஷன்’ இசைத்தட்டில் பியானோவே கிடையாது. அந்த வெற்றிடத்தில் அவர் நாதம் எவ்வளவு நிதானமாக நடக்கிறது என்று பாருங்கள். மென்மை என்றால் குழைவு மட்டும்தான் என்று நினைத்துவிடவும் வேண்டாம். இதே கருவியை வாசித்த கிளார்க் டெரியின் நாக்கு வெட்டு (நாக்கால் ஸ்வரத்தைத் தொடங்குவது) ஒவ்வொன்றும் தெளிவாக விழும், இருந்தும் நாதம் கூர்ப்படாது. ஜாஸில் இந்தக் கருவியை வெறும் மெதுநடைப் பாட்டுக்கு ஒதுக்கிவைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. கென்னி வீலர் இதில் உச்ச ஸ்வரங்களுக்கும் தாவியவர். அது பல்லாண்டு உழைப்பு. உங்களுக்கு இப்போதைக்கு ஐந்து கோடுகளுக்குள் எழுதித் தரும்படி இசையமைப்பவரிடம் கேளுங்கள்.

கேட்டவர்:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். என் கருவி பிரெஞ்சு வகை, மவுத்பீஸ் சிறிய மோர்ஸ். சரியான தண்டும் ஆழமான கிண்ணமும் கொண்ட ஒன்றைப் பொருத்தியதும் ஆட்டம் நின்றது. இப்போது மவுத்பைப்பைச் சற்று வெளியே இழுத்துத்தான் சுருதி சேர்க்கிறேன். மேல் ஜி இன்னும் சில நாட்களில் நழுவுகிறது. ஆனால் நேற்றுப் பயிற்சியில் நடு ஸ்தாயியில் ஒரு சி-யை நீட்டினேன், பாஸ் வாசிப்பவர் தன் வாசிப்பை நிறுத்தி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.