கூட்டாளி லவ் பண்ணுத பிள்ளைய போட்டு படுத்துதான், நாங்க என்ன செய்ய?

பேட்டைப்பையன்:
அண்ணாச்சி, அக்கா எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைல காலேஜ் மூணாவது வருஷம் படிக்கேன். எங்க செட்ல ஒருத்தன், சின்னதுல இருந்தே கூட்டாளி, அவன் லவ் பண்ணுத பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தன தடவன்னு கணக்கில்லாம வீடியோ கால் போட்டு "கேமராவ திருப்பு, ரூம்ல யாரு இருக்கா காட்டு"ங்கான். போன வாரம் வண்ணாரப்பேட்டை டீக்கடைல எங்க முன்னாடியே பண்ணுனான், அந்தப் பிள்ள கட்டிலுக்கு அடி வரைக்கும் போன கொண்டு போய் காட்டுச்சு, நாங்க நாலு பேரும் சிரிச்சோம். நானும்தான். கடைசியா கேமரா அவ பக்கம் திரும்புனப்போ கண்ணு கலங்கி இருந்துச்சு, ராத்திரி எனக்கு தூக்கமே வரல. இன்ஸ்டா, வாட்ஸ்அப் எல்லாம் அவன் கையிலயாம், பிரிஞ்சா போட்டோவ போட்டுருவேன்னு மிரட்டுதானாம், அவ ரூம்மேட் எங்க கிளாஸ்தான், அவதான் சொன்னா. நாலு சாத்து சாத்துனா திருந்திருவான்னு ஒருத்தன் சொல்லுதான். என்ன செய்ய?

ஜங்ஷன்அக்கா:
தம்பி, கை மட்டும் வச்சிராதீங்க, அந்தக் கோவம் பூரா அவ மேலதான் வந்து விழும். நானும் இப்படி ஒருத்தன்கிட்ட ரெண்டு வருஷம் கிடந்தேன். அவன் கூட்டாளிக எல்லாம் நல்ல பசங்கதான், ஆனா ஒருத்தன் கூட "என்னலே பண்ணுத"ன்னு கேக்கல, அதனால நாந்தான் தப்பு போலன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். மொதல்ல அவளுக்கு என்ன வேணும்னு கேளுங்க, நீங்களா முடிவு எடுக்காதீங்க. முக்கியமா அவ போனுக்கு ஒரு மெசேஜும் போடாதீங்க, அவன் படிச்சிருவான். ரூம்மேட்ட நேர்ல பேசச் சொல்லுங்க.

கோர்ட்டுரோடு:
பெண்களுக்கு 181, எந்நேரமும் கூப்பிடலாம், ரூம்மேட் போன்ல இருந்தே பேசலாம். 18 வயசு ஆகலன்னா 1098. மிரட்டுன மெசேஜ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேற ஆள் போன்ல பத்திரமா வைக்கணும், சைபர் கிரைம் புகாருக்கு அதுதான் ஆதாரம். வேண்டாம்னு சொன்ன பொறவும் ஒரு பொண்ண விடாம தொடர்ந்தா பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்கு பதிலா வந்த குற்றச் சட்டம்) 78வது பிரிவு, மொத தடவையே 3 வருஷம் வரைக்கும் ஜெயில். இது காதல் சண்டை இல்ல, குற்றம், அத அவளுக்கும் சொல்லுங்க.

தாமிரபரணிக்காரன்:
அவன்கிட்ட பேசுறதா இருந்தா அந்தப் பிள்ள சரின்னு சொன்ன பொறவு பேசு. கூட்டத்துல வச்சு கேட்டா வீம்புக்கு நிப்பான், குறுக்குத்துறை படித்துறைக்கு தனியா கூட்டிட்டுப் போ. அவ சொன்னான்னு மூச்சு விடாத, போட்டோ பேச்சே வேண்டாம். டீக்கடைல நீ கண்ணால பாத்தத மட்டும் சொல்லு, "அன்னைக்கு நானும் சிரிச்சேன், அது தப்பு, இனிமே என் முன்னாடி இத பண்ணாதலே"ன்னு சொல்லு. சின்னதுல இருந்து பழகுனவன் சொன்னாதான் அவனுக்கு உறைக்கும்.

பேட்டைப்பையன்:
ரொம்ப நன்றிக்கா, அண்ணாச்சி. ரூம்மேட் நேத்தே பேசிட்டா, ரெண்டு பேரும் சேர்ந்து 181க்கு பேசியிருக்காங்க. அவன்கிட்ட இப்போதைக்கு எதுவும் கேக்க வேண்டாம்னு அவ சொல்லுதா, அதனால கேக்கல. ஆனா இன்னைக்கு டீக்கடைல அவன் போன எடுத்ததும் நாங்க நாலு பேரும் எந்திரிச்சு வந்துட்டோம்.